ஜன்னலோர இருக்கை அவருக்கு

கேள்வி: தருமபுரியில் வசிக்கிறோம். என் வீட்டுக்காரர் 26 வருடங்களாகப் பேருந்து நடத்துநராக இருக்கிறார். பெரும்பாலும் ஒகேனக்கல் தடத்தில்தான் பணி. வருகிற பிப்ரவரியில் அவருக்கு 50 வயது நிறைகிறது. இதுவரை ஒரு பிறந்தநாளையும் கொண்டாடியதில்லை. ‘தீம் வைத்துக் கொண்டாடலாம்மா’ என்று மகன் கைப்பேசியில் படங்களாகக் காட்டுகிறான். அலங்காரம் செய்பவரைக் கேட்டால் 25,000 ரூபாய் என்கிறார். எங்களிடம் 7,000 ரூபாயும் ஒரு மொட்டை மாடியும்தான் இருக்கின்றன. உறவினர்கள், அவருடைய நண்பர்கள் என்று 30 பேர் வருவார்கள். இந்த வயதில் இதெல்லாம் செய்தால் ஊர் சிரிக்காதா? என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தருமபுரி

பதில்: அன்புச் சகோதரிக்கு, ஊர் சிரிக்காது. வந்தவர்கள் சிரிப்பார்கள்; அதற்காகத்தானே அழைக்கிறோம். பிள்ளைகளுக்கு விளையாடக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. நாற்பதும் ஐம்பதும் கடந்தவர்களுக்கு யாராவது ஒரு சாக்கு எடுத்துக் கொடுத்தால்தான் கூச்சம் விடும். தீம் என்பது அந்தச் சாக்குதான் என்று நான் நினைக்கிறேன்.

அலங்காரக்காரர் காட்டும் படங்களை மட்டும் ஒதுக்கி வையுங்கள். என் அண்ணனின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நாங்கள் அப்படித்தான் ஏமாந்தோம். பளபளக்கும் திரையும் பலூன் வளைவும் வாடகைக்கு வந்தன. யாரோ தேர்ந்தெடுத்த தொப்பியை மாட்டிக்கொண்டு அண்ணன் இரண்டு மணி நேரம் அந்தத் திரைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். விருந்தினர்கள் வரிசையில் வந்து படம் எடுத்துக்கொண்டு, ஆறிப்போன பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அவரோடு உட்கார்ந்து பேசியவர் ஒருவரும் இல்லை. செலவான பணம்கூட எனக்கு மறந்துவிட்டது, அவர் நின்ற நிலை இன்னும் மறக்கவில்லை.

உங்கள் வீட்டுக்குத் தீம் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. மொட்டை மாடியை ஒரு மாலைக்கு ஒகேனக்கல் பேருந்தாக மாற்றிவிடுங்கள். ஆனால் அந்தப் பேருந்தில் அவர் நடத்துநர் இல்லை, பயணி. 26 வருடங்கள் நின்றபடியே போய் வந்த மனிதருக்கு அன்று ஜன்னலோர இருக்கை கிடைக்கட்டும். பையும் விசிலும் உங்கள் மகனிடம் இருக்கட்டும்.

இதைத் தொடங்கும் முன் ஒன்றை நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். அவர் தம் வேலையைப் பற்றி வீட்டில் ஆசையாகப் பேசுகிறவரா, அல்லது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேருந்தை மறக்க விரும்புகிறவரா? இரண்டாவது வகை என்றால் இதைக் கைவிட்டு, அவருடைய பத்தாம் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வகுப்புத் தோழர்கள் நாலு பேரும் ஒரு கரும்பலகையும் போதும். முதல் வகை என்றாலும், தொழிலைக் கேலி செய்வதாக ஒரு சொல்கூட வந்துவிடக் கூடாது. குடித்துவிட்டு ஏறுகிற பயணியைப் போல நடித்துக் காட்ட எந்த வீட்டிலும் ஒரு மாமா தயாராக இருப்பார். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

முதலில் இருக்கைகள். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் மூன்று, நடுவில் நடைபாதை என்று ஆறு வரிசை போட்டால் சரியாக முப்பது நாற்காலி வந்துவிடும். இதற்குப் பன்னிரண்டு அடி அகலமும் பதினெட்டு அடி நீளமும் வேண்டும். மாடி குறுகலாக இருந்தால் இரண்டுக்கு இரண்டாகப் போட்டு வரிசையைக் கூட்டிக்கொள்ளுங்கள். மாசி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டால் வாடகை நாற்காலி கிடைப்பது சிரமம், அதனால் இப்போதே சொல்லி வையுங்கள். முன் வரிசைக்கு எதிரே அட்டையில் ‘தருமபுரி – ஒகேனக்கல்’ என்று பெயர்ப்பலகை எழுதிக் கட்டுங்கள். கைப்பிடிச் சுவர் நெடுக ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’, ‘சரியான சில்லறை கொடுத்து உதவவும்’ என்று எழுதி ஒட்டினால் அலங்காரம் முடிந்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் திருக்குறள் எழுதியிருக்கும் இடத்தில், உங்கள் வீட்டுக்காரர் தினமும் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியத்தை, சாவியை எங்கே வைத்தாய் என்பது போன்ற ஒன்றை, பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். அதைப் பார்த்ததும் உறவினர்கள் எல்லாரும் தெரிந்துகொண்டு சிரிப்பார்கள்.

அடுத்தது பயணச்சீட்டு. இப்போது கையில் இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒரு நிறமாகச் சீட்டுக் கட்டுகளை அடுக்கி, ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொடுத்த பழக்கம் அவர் விரல்களில் இன்னும் இருக்கும். ஒரு ஏ4 வண்ணத்தாளை நான்கு முறை மடித்து வெட்டினால் பதினாறு சீட்டுகள் கிடைக்கும். அவற்றின் முன்பக்கம் ஊர்ப் பெயரையும் கட்டணத்தையும் எழுதுங்கள், பின்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். படியேறி வரும் ஒவ்வொருவருக்கும் உங்கள் மகன் ஒரு சீட்டும் ஒரு பேனாவும் கொடுத்து, அவரைப் பற்றித் தமக்கு நினைவிருக்கும் ஒரு நாளைப் பின்பக்கம் இரண்டு வரியில் எழுதச் சொல்லட்டும். எழுதச் சிரமப்படும் பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பக்கத்து இருக்கைக்காரர் எழுதிக் கொடுக்கலாம். பரிசும் மொய் உறையும் வேண்டாம், சீட்டின் பின்பக்கம் எழுதுவதே போதும் என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். நம் பக்கத்தில் ஒரு கை மொய் வைத்தால் இன்னொரு கை அதைத் திருப்பி வைக்கிற வரை பாரமாகவே இருக்கும். பிறந்தநாளில் அந்தக் கணக்கு வேண்டாமே.

பேருந்து நகர்வது விசிலில்தான். ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு விசில் அடித்தால் புறப்பட வேண்டும். ‘போலாம் ரைட்’ என்று மகன் குரல் கொடுத்ததும் தருமபுரியை விட்டுக் கிளம்புங்கள். ஏறியவர்களுக்குச் சுக்குக் காபி கொடுத்திருப்பீர்கள். இண்டூரில் ஒரு விசில். வேகவைத்த வேர்க்கடலை காகிதப் பொட்டலத்தில் இருக்கை இருக்கையாக வரும்.

கடலையை உரிக்கும் நேரத்தில் சில்லறை ஆட்டத்தை வைத்துக்கொள்ளலாம். உங்கள் பேருந்துக்கு என்று இண்டூருக்கு 7 ரூபாய், பென்னாகரத்துக்கு 12 ரூபாய் என்று எளிய கட்டணம் வைத்துக்கொள்ளுங்கள். ‘மூன்று இண்டூர், இரண்டு பென்னாகரம், இந்தாங்க 200 ரூபாய்’ என்று ஒருவர் நீட்ட, எழுந்து நிற்பவர் ஐந்து எண்ணுவதற்குள் மீதி 155 ரூபாய் என்று சொல்ல வேண்டும். நகரப் பேருந்துகளில் 2021-இல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததை இங்கேயும் கொண்டுவந்து, அந்த ஐவரில் இருவர் பெண்கள் என்று சொல்லிவிட்டால் கணக்குத் தெரிந்தவர்களும் திணறுவார்கள். இந்த ஆட்டத்துக்கு மட்டும் அவர் நடுவராக இருக்கட்டும். ஜன்னலோரத்தில் உட்கார்ந்தபடியே ஒரே மூச்சில் அவர் விடை சொல்லும்போது, இத்தனை வருடங்களாக நெரிசலில் அவர் என்ன வேலை செய்துவந்தார் என்பது மைத்துனர்களுக்கும் மாமனாருக்கும் அப்போதுதான் புரியும்.

பென்னாகரத்தில் வண்டி கொஞ்சம் அதிக நேரம் நிற்கட்டும். கேக் வேண்டும் என்று மகன் விரும்பினால் அரைக் கிலோவில் சிறிதாக வாங்கி வெட்டச் செய்து, எல்லாருக்கும் இனிப்பாகக் கேசரி கொடுங்கள். முக்கால் கிலோ ரவையில் முப்பது பேருக்குத் தாராளமாக வரும். இங்கேதான் சீட்டுகளைப் படிக்க வேண்டும். அவரவர் எழுதியதை அவரவரே எழுந்து படிப்பதுதான் நன்றாக இருக்கும். அவருடன் பல வருடங்கள் ஓடிய ஓட்டுநர் யாராவது வந்திருந்தால் அவருக்குக் கடைசி வாய்ப்பைக் கொடுங்கள், ஏனென்றால் அவரிடம் இருக்கும் கதைகள் உங்களுக்கே தெரியாதவையாக இருக்கும்.

பென்னாகரம் தாண்டினால் காட்டுக்குள் மலைப்பாதை இறங்குகிறது அல்லவா? மகன் ‘வளைவு’ என்று குரல் கொடுத்ததும் முப்பது பேரும் ஒன்றாக இடப்பக்கம் சாய வேண்டும், அடுத்த குரலில் வலப்பக்கம். கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் பட்டுச்சேலை கட்டிய பெரியம்மாவும் விறைப்பாக உட்கார்ந்திருந்த சம்பந்தியும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்த பிறகு அந்தக் கூட்டத்தில் அந்நியர் என்று யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒகேனக்கல் வந்தால் மீன்தான். ஆற்றங்கரையில் மீனை வாங்கிக் கொடுத்தால் மசாலா தடவி, கண்ணெதிரே வறுத்துத் தரும் பெண்களின் சமையலை அறியாதவர் நம் மாவட்டத்தில் இல்லை. கட்லாவோ ரோகுவோ ஆறு கிலோ வாங்கினால், சுத்தம் செய்த பின் ஏறக்குறைய நாலு கிலோ நிற்கும். அதில் முப்பது நல்ல துண்டுகளை வறுவலுக்கு எடுத்துக்கொண்டு, தலையையும் மீதியையும் புளிக்குழம்பில் போடுங்கள். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றோடு கொஞ்சம் அரிசி மாவும் சேர்த்துப் பிசறி, ஒரு மணி நேரம் ஊறவிட்டால் மசாலா எண்ணெயில் பிரியாது. இரண்டு கிலோ அரிசியில் சோறும் ஒன்றரைக் கிலோ கேழ்வரகு மாவில் களியும் போதும். களியும் மீன்குழம்பும் இருக்கும்போது சோறுதான் மீதமாகும். மீன் சாப்பிடாதவர்களுக்கு அதே மசாலாவில் வாழைக்காயை, எண்ணெயில் மீன் இறங்குவதற்கு முன்பே, வறுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். சனிக்கிழமை, கிருத்திகை, அமாவாசை ஆகிய நாள்களைத் தவிர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள்; பிறந்த தேதிக்கு இரண்டு நாள் முன்பின் ஆனாலும் குறையில்லை. எண்ணெய்ச் சட்டியை மாடிக்கு ஏற்றாதீர்கள். கீழே வறுத்து மேலே கொண்டுவருவதே பாதுகாப்பு.

பணக் கணக்கு இதுதான்: சாப்பாட்டுக்கு 5,000, நாற்காலிக்கும் விளக்குக்கும் 1,000, தாள், அட்டை, பேனா, விசிலுக்கு 500, கடைசி நேரத் தேவைக்கு 500. இதில் எங்காவது குறைக்க வேண்டியிருந்தால் கேக்கில் குறையுங்கள், மீனில் குறைக்காதீர்கள்.

அவருக்கு எதையும் சொல்லாமல் திடீரென்று முப்பது பேர் நடுவில் கொண்டுவந்து நிறுத்துவது கூச்சமுள்ளவர்களுக்கு ஒத்துவராது. வீட்டில் சாப்பாடு, நாலு பேர் வருகிறார்கள், அன்று விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுவரை சொல்லிவிடுங்கள். பேருந்தை மட்டும் மறைத்து வையுங்கள். மாலை ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பதுக்கு முடிந்துவிடும். மறுநாள் விடியற்காலை வண்டி எடுக்க வேண்டிய நண்பர்களுக்கும் அதுதான் சௌகரியம்.

எல்லாரும் இறங்கும் முன் சீட்டுகளைத் திரும்ப வாங்கி, ஒரு ரப்பர் பேண்டு போட்டு, பழைய சீட்டுக் கட்டு போலவே அவர் கையில் கொடுங்கள். மாடிப்படியில் ஒரு நல்ல விளக்கும் போட்டு வையுங்கள். இருட்டில் பெரியவர்கள் இறங்க வேண்டியிருக்கும். உங்கள் வீட்டுக்காரருக்கு என் வாழ்த்துகளையும் அன்று சேர்த்துச் சொல்லுங்கள்.