உடம்பில் குறை இல்லை, வெட்டில்தான் குறை: பெரிய சைஸ் உடைகள் பற்றி வாசகர் கேள்விகள்

பெரிய சைஸ் உடை வாங்குவதில் உள்ள சிரமம் பற்றித் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஒரு பிராண்டில் எனக்கு டபுள் எக்ஸ்எல் கச்சிதமாக இருக்கிறது. இன்னொன்றில் த்ரீ எக்ஸ்எல்கூட மார்பில் பூட்ட முடியவில்லை. வேறொரு கடையில் எக்ஸ்எல்லே தொளதொளவென்று தொங்கியது. எல்லாம் ஒரே மாதத்தில். மாறிக்கொண்டே இருப்பது என் உடம்பா?

உங்கள் உடம்பு அப்படியேதான் இருக்கிறது. எக்ஸ்எல் என்றால் இத்தனை இஞ்ச் என்று எல்லா கம்பெனிகளும் ஒப்புக்கொண்ட அளவு எதுவும் கிடையாது. தன்னிடம் வாங்க வருபவர் யார் என்று ஒவ்வொரு பிராண்டும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. கல்லூரி வயதினரைக் குறிவைப்பவர்கள் எக்ஸ்எல்லை இறுக்கி வெட்டுவார்கள். நடுத்தர வயதினருக்குத் தைப்பவர்கள் தாராளமாக விடுவார்கள். 'சின்ன சைஸே எனக்குச் சரியாக இருக்கிறது' என்று வாங்குபவர் சந்தோஷப்படட்டும் என்பதற்காகப் பெரிய உடைக்குச் சின்ன எண்ணை ஒட்டும் பழக்கமும் வெகுகாலமாக உண்டு.

பொது அளவு கொண்டுவர யாரும் முயலாமல் இல்லை. 1939, 1940 ஆண்டுகளில் அமெரிக்க விவசாயத் துறை சுமார் 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவர் உடலிலும் 59 அளவுகள் எடுத்தார்கள். அதன் அடிப்படையில் 1958-ல் ஒரு தர அளவும் வெளியானது. ஆனால் கணக்கில் சேர்க்கப்பட்டவர்கள் வெள்ளை இனப் பெண்கள் மட்டும். மார்பும் பின்பகுதியும் அகன்று இடை சிறுத்த உடல்வாகைத்தான் அது பொதுவானதாக எடுத்துக்கொண்டது. நிஜத்தில் பலருக்கு அது பொருந்தவில்லை. 1983-ல் அதைக் கைவிட்டுவிட்டார்கள். ஐரோப்பாவில் இஎன் 13402 என்று ஒரு தரம் இருக்கிறது. லேபிளில் சிறிய உடல் படம் போட்டு, எந்த உடல் அளவுக்கு இந்த உடை என்று சென்டிமீட்டரில் எழுதச் சொல்கிறது. அருமையான யோசனை, ஆனால் கட்டாயமில்லை. அதனால் பெரும்பாலான உடைகளில் இன்னமும் வெறும் எழுத்துகள்தான்.

ஆகவே, லேபிளில் இருக்கும் எழுத்தை ஒரு கம்பெனியின் அலமாரி அடையாளமாக மட்டும் பாருங்கள். அதைப் பார்த்து மனம் சுருங்க வேண்டியதில்லை.

பெரிய சைஸ் எடுத்தால் வயிற்றுப் பக்கம் சரியாக இருக்கிறது, ஆனால் தோள் சரிந்து கைக்கு வந்துவிடுகிறது, கழுத்து அகலமாகி உள்ளாடை பட்டை தெரிகிறது. ஒரு சைஸ் குறைத்தால் தோள் சரி, மார்பில் பட்டன் திறந்துகொள்கிறது. எனக்கு எந்த சைஸ்தான் சரி?

இப்போதைக்கு இரண்டுமே சரியில்லை. அது உடையை வரைந்தவரின் பிழை. எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் கடையில் பாதி வேதனை குறைந்துவிடும்.

ஒரு டிசைன் உருவாகும்போது எல்லா சைஸையும் தனித்தனியே வரைவதில்லை. ஒரு மாடலுக்கு, பெரும்பாலும் ஸ்மால் அல்லது மீடியம் உடல்வாகு கொண்டவருக்கு, முதல் சாம்பிளைத் தைத்து, போட்டுப் பார்த்துத் திருத்துவார்கள். அப்புறம் அந்த பேட்டர்னை, அதாவது துணி வெட்டுவதற்கான வரைபடத்தை, ஒரு கணக்கு வைத்துப் படிப்படியாகப் பெரிதாக்குவார்கள். இதற்குத்தான் கிரேடிங் என்று பெயர். மீடியத்திலிருந்து லார்ஜ் வரை இது நன்றாகவே வேலை செய்யும். டபுள் எக்ஸ்எல்லுக்கு மேல் போனால் கணக்கு உதைக்க ஆரம்பிக்கும். உடம்பு பருக்கும்போது எலும்பு அகலமாவதில்லை. மார்பும் வயிறும் புஜமும் கூடும் வேகத்தில் தோளும் கழுத்தும் கூடாது, கையின் நீளமும் கூடாது. எல்லாவற்றையும் சேர்த்து ஊதிவிட்டால், நீங்கள் எழுதியிருப்பது அப்படியே நடக்கும்: தோள் தொங்கும், கை நீண்டு விரலை மூடும், ஆனால் புஜத்தில் மட்டும் துணி பிடிக்கும்.

கண்ணாடி முன் நின்று மடிப்புகளைப் பாருங்கள். கைக்குழியிலிருந்து மார்பை நோக்கிச் சாய்வாகக் கோடுகள் ஓடினால், மார்புக்கு வேண்டிய துணி அங்கே இல்லை என்று பொருள். முன்பக்க ஓரம் மேலே தூக்கிக்கொண்டு பின்பக்கம் தாழ்ந்து நின்றாலும் அதே காரணம்தான். இதற்குத் தேவை ஆழமான டாட், அதாவது துணியை முக்கோணமாக மடித்துப் பிடிக்கும் தையல். பக்கத் தையலிலிருந்து மார்பை நோக்கிப் பிடிக்கும் டாட், துணியைத் தட்டையாக விடாமல் அங்கே ஒரு குழிவை உண்டாக்குகிறது. மார்பு பெரிதாக இருந்தால் அந்த டாட்டும் பெரிதாக வேண்டும். செலவைக் குறைக்க நினைக்கும் கம்பெனிகள் டாட்டையே எடுத்துவிட்டுப் பெட்டி மாதிரி வெட்டி அனுப்புகின்றன.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் இல்லை. நூறு வருடத்துக்கு முன்பே நியூயார்க்கில் லேன் பிரையன்ட் கடையை நடத்திய லீனா பிரையன்ட்டின் கணவர் ஆல்பர்ட் மால்சின், ஆயிரக்கணக்கான பெண்களின் அளவுகளைச் சேகரித்து, பருத்த உடல் ஒரே மாதிரி இருப்பதில்லை, அதிலும் வகைகள் உண்டு என்று பிரித்துக் காட்டினார். அந்த அளவுகளுக்கு உடை தைத்துப் பெரிய வியாபாரமும் செய்தார்கள். அப்போது முடிந்தது இப்போது முடியாது என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது: மார்புக்கும் புஜத்துக்கும் பொருந்தும் சைஸை வாங்கி, தோளைத் தையல்காரரிடம் கொடுத்து உள்ளே தள்ளச் சொல்லுங்கள். பெரியதைக் குறைக்கலாம், துணி இல்லாத இடத்தில் யாராலும் கூட்ட முடியாது. அதனால் வாங்கும் முன் உடையைத் திருப்பி உட்பக்கத் தையலைப் பாருங்கள். ஓரத்தில் ஒரு விரல் அளவாவது துணி விட்டிருந்தால் பிரித்துவிட வழி உண்டு. நூல் பிரியாமலிருக்க ஓரத்தைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் போட்டு ஒட்ட வெட்டியிருந்தால் இல்லை. இன்னொன்று, பெரிய சைஸ்களுக்கென்று தனி மாடலை வைத்துத் தனி பேட்டர்ன் வரையும் பிராண்டுகள் இருக்கின்றன. உங்களுக்குத் தோளும் மார்பும் ஒரே நேரத்தில் பொருந்தும் ஒன்று கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

கடையில் எக்ஸ்எல்லோடு நின்றுவிடுகிறது. 'ஆன்லைனில் பாருங்க' என்கிறார்கள். ஆன்லைனில் ஆர்டர் செய்தால் பாதிக்குப் பாதி திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது.

போட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் அதிகம் உள்ளவர்களுக்கே டிரையல் ரூம் இல்லை. இதில் உங்கள் கோபம் நியாயமானது. நடப்பது இதுதான்: கடைக்காரர் பெரும்பாலும் செட்டாகச் சரக்கு எடுக்கிறார். ஒரு செட்டில் எந்த சைஸ் எத்தனை என்று முன்கூட்டியே பிரித்திருக்கும். பெரிய சைஸ் ஒன்று வந்தால் உண்டு, பல செட்டில் அதுவும் கிடையாது. வந்த ஒன்று முதல் நாளே விற்றுப்போகும். அப்புறம் வருபவர்கள் வெறுங்கையோடு போவார்கள். வாங்காமல் போனவரின் கணக்கு எந்தப் பில்லிலும் ஏறாது. வருடக் கடைசியில் 'அந்த சைஸை யாரும் கேட்பதில்லை' என்று முடிவு கட்டுவார்கள். அதனால் சும்மா திரும்பி வராதீர்கள். எந்த டிசைன், எந்த சைஸ் வேண்டும் என்று மேலாளரிடம் சொல்லுங்கள், எழுதி வைக்கச் சொல்லுங்கள், வரவழைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள்.

சரி, ஆன்லைனுக்கு வருவோம். முதலில் உங்கள் அளவை எடுங்கள். கனமான உடை மேல் வேண்டாம். மார்பு பெருத்த இடத்தில், டேப் தரைக்கு இணையாகச் சுற்றி வர வேண்டும், முதுகில் இறங்கிவிடக் கூடாது. இடுப்பு, சீட் (பின்பகுதி பெருத்த இடம்), புஜத்தின் பருத்த இடம், தோளின் ஒரு முனையிலிருந்து மறுமுனை. சீட்டையும் வயிற்றையும் உட்கார்ந்த நிலையில் இன்னொரு முறை அளங்கள். உட்காரும்போது உடல் அகலும், பேன்ட்டும் கவுனும் மக்கர் செய்வது அப்போதுதான்.

அடுத்து, உங்களிடம் ஏற்கெனவே நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையை மேசையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். இது உடையின் அளவு. உங்கள் உடல் அளவை விட இது கூடுதலாக இருக்கும். அந்த வித்தியாசம்தான் அசையவும் மூச்சுவிடவும் இடம். நீட்சி இல்லாத துணியில் மார்புக்கு 3, 4 இஞ்சாவது வேண்டும். பனியன் துணி போல நீளும் ரகம் என்றால் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்போது சைஸ் சார்ட்டைத் திறங்கள். அதில் எழுதியிருப்பது உடல் அளவா, உடையின் அளவா என்று முதலில் பாருங்கள். திருப்பி அனுப்பும் உடைகளில் நிறைய இந்த ஒரு குழப்பத்தால்தான். மார்பு 48 என்று போட்டிருக்கும். அது உடையின் அளவாக இருந்தால், நீளாத துணியில் 48 இஞ்ச் உடம்புக்கு அது இறுக்கிப் பிடிக்கும். எதுவும் குறிப்பிடவில்லை என்றால் விற்பவரிடம் கேளுங்கள், பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். 'ப்ரீ சைஸ்' என்று போட்டு அளவே தராதவர்களிடமும் வாங்காதீர்கள்.

படத்தில் ஒல்லியான மாடல் போட்டிருந்தால், அந்த உடை உங்கள் சைஸில் எப்படி விழும் என்று அந்தப் படம் எதுவும் சொல்லாது. வாங்கியவர்கள் போட்ட படங்களையும், தங்கள் அளவைச் சொல்லி எழுதிய கருத்துகளையும் தேடிப் படியுங்கள். அப்புறம் திருப்பி அனுப்பும் நிபந்தனை. தள்ளுபடி விலையில் போட்டிருக்கும் பெரிய சைஸ்களுக்குப் பல இடங்களில் 'மாற்றம் இல்லை' என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். பணம் கட்டும் முன் அதைப் படித்துவிடுங்கள். உடை வந்ததும் லேபிளைக் கிழிக்காமல் போட்டு, கையைத் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து பாருங்கள்.

ஒரே சட்டை, டபுள் எக்ஸ்எல்லுக்கு மேல் போனால் மட்டும் விலை கூடுகிறது. இது சரியா?

துணி கூடுதலாகப் போவது உண்மைதான். மேசையில் துணியை அடுக்கி வெட்டும்போது சின்ன சைஸ் பாகங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். பெரிய பாகங்கள் ஒரு அளவுக்கு மேல் துணியின் அகலத்துக்குள் அடங்காது, நீளவாட்டில் துணி அதிகம் செலவாகும். ஆனால் ஸ்மாலுக்கும் எக்ஸ்எல்லுக்கும் இடையிலும்தான் துணி வித்தியாசப்படுகிறது. அங்கே எல்லாருக்கும் ஒரே விலை போட்டுச் சமன் செய்கிறார்கள். அந்தச் சமனிலிருந்து ஒரு பிரிவினரை மட்டும் வெளியே தள்ளுவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. தனி பேட்டர்ன் வரைந்து, நன்றாகத் தைத்துக் கொடுப்பவருக்குக் கூடுதல் தொகை கொடுக்கலாம். வெறுமனே பெரிதாக்கிய சட்டைக்குக் கொடுக்காதீர்கள்.

என் மகளுக்குப் பதினாறு வயது. கடையில் ஒரு விற்பனைப் பெண், 'இந்த சைஸுக்கெல்லாம் எங்ககிட்ட வராதும்மா' என்று எல்லார் முன்பும் சொல்லிவிட்டார். அதிலிருந்து மகள் கடைக்கே வர மறுக்கிறாள்.

படிக்கவே வலிக்கிறது. அந்தக் கடையின் நிர்வாகத்துக்கு நடந்ததை எழுதுங்கள், நாளும் நேரமும் குறிப்பிட்டு. மகளை வற்புறுத்தி அழைத்துப் போக வேண்டாம். வீட்டிலேயே சேர்ந்து அளவு எடுங்கள், இரண்டு மூன்று உடைகளை வரவழைத்து அவள் அறையில், அவளுக்குத் தோன்றும்போது போட்டுப் பார்க்கட்டும். பொருந்தாததை 'இந்த வெட்டு சரியில்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். 'இதற்குள் வர இளைத்துக்கொள்' என்று ஒரு உடையையும் வாங்கி வைக்காதீர்கள். இன்றைக்கு இருக்கும் உடம்புக்கு, அவளுக்குப் பிடித்த நிறத்தில், அவள் வயதுக்கு ஏற்ற உடை வேண்டும். பெரிய சைஸ் என்றாலே கறுப்பும் கருநீலமும் பெரிய பூவும் என்று அடுக்கி வைப்பதை நாம் ஏற்க வேண்டியதில்லை.

நான் ஆண். பேன்ட் எல்லாம் நன்றாகவே இருக்கும், தொடை உரசும் இடத்தில் மட்டும் சில மாதத்தில் நைந்து கிழிந்துவிடுகிறது. கம்பெனியிடம் புகார் செய்யலாமா?

தையல் விட்டுப்போயிருந்தால் தயங்காமல் செய்யுங்கள், அது தயாரிப்புக் குறை. துணியே தேய்ந்திருந்தால், பயன்படுத்தியதால் வந்தது என்று பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். ஆனாலும் படத்தோடு எழுதிக் கேளுங்கள். 44 இஞ்ச் இடுப்புக்கு பேன்ட் விற்பவருக்கு அங்கே தொடை உரசும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை துணியைப் பார்த்து வாங்குங்கள். ஜீன்ஸ் என்றால் 12 அவுன்ஸ் டெனிம், அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 400 கிராம், நன்றாக உழைக்கும். மெல்லிய துணியில் எலாஸ்டேனை, அதாவது ரப்பர் போல நீளும் இழையை, அதிகம் கலந்தவை முதல் நாள் சுகமாக இருக்கும், சீக்கிரம் தொய்ந்து உரசலைக் கூட்டும். எலாஸ்டேனுக்குச் சூடு ஆகாது. வெந்நீரில் துவைக்காதீர்கள், டிரையரில் போடாதீர்கள். கால்கள் சேரும் இடத்தில் நான்கு தையலும் ஒரே புள்ளியில் கூடாமல், வைர வடிவில் ஒரு துண்டு வைத்துத் தைத்திருக்கும் பேன்ட் கிடைத்தால் அதை எடுங்கள். அங்கே இழுவை பரவிவிடும். கிடைக்காவிட்டால், வாங்கிய வாரமே தையல்காரரிடம் கொடுத்து, தொடையின் உட்பக்கம் உள்ளங்கை அளவுக்கு மெல்லிய, நெருக்கமான நெசவுத் துணியை வைத்து நெருக்கமாகத் தையல் ஓட்டச் சொல்லுங்கள். ஓட்டை விழுந்த பிறகு போடும் ஒட்டுத் துணியை விட இது பல மடங்கு தாங்கும், வெளியே தெரியவும் தெரியாது.