முதல் பாகத்தோடு நிறுத்தலாமா?

அன்புள்ள ஐயா,

படம் பார்த்த வேகத்தில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் வாங்கினேன். ‘புது வெள்ளம்’ முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஏரி வர்ணனையிலேயே கதை இழுக்கிறது. எவர் ரகசியம் பேசினாலும் வந்தியத்தேவன் பக்கத்தில் ஒளிந்து நிற்கிறான். எது சரித்திரம், எது கற்பனை என்றும் தெரியவில்லை. இன்னும் நான்கு பாகம் அலமாரியில் இருக்கிறது. தொடரலாமா, விட்டுவிடலாமா? நண்பர்களிடம் சொன்னால் அடிக்க வருகிறார்கள்.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

நண்பர்களை விடுங்கள். பிடிக்கவில்லை என்று சொல்ல யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஒட்டுக்கேட்கும் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான், மேலே பேச ஒன்றுமில்லை. சரித்திரம் வேண்டுமானால் நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ இருக்கிறது.

ஆனால் ஏரியைக் குறை சொன்னீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. கதை தொடங்குவது ஆடிப்பெருக்கன்று, வீராணம் ஏரிக்கரையில். அந்த ஏரியை ஒட்டித்தான் காட்டுமன்னார்கோவில். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன் முதலானவர்களைப் பெயர் சொல்லி, உறவுக்காரர்கள் சொத்து வரைக்கும் கைவைக்கிற கல்வெட்டு. கதையில் அந்தச் சாவு வருவது ஐந்தாம் பாகத்தில். கொன்றவர்கள் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கும் ஊர்ப்பக்கத்தில், ஒன்றும் தெரியாதவர் மாதிரி ஆடிப்பெருக்குக் கூட்டத்தைக் காட்டி ஆரம்பிக்கிறார் கல்கி. உங்களுக்கு அது இழுவை!

சரி, முழுத் தப்பும் உங்களுடையது இல்லை. 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை பத்திரிகையில் வாராவாரம் வந்த கதை அது. 293 அத்தியாயம். வாரம் ஒன்றோ இரண்டோ படித்துவிட்டு, அடுத்த இதழ் வரும்வரை திண்ணையில் பேசித் தீர்த்தார்கள். நீங்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இருபது அத்தியாயம் விழுங்கியிருப்பீர்கள். மைசூர்பாகைக் கிலோக்கணக்கில் தின்றால் திகட்டத்தான் செய்யும்.

எங்கள் பெரியம்மா அந்தப் பக்கங்களையெல்லாம் கிழித்துச் சேர்த்து, பாகம் பாகமாக பைண்டு செய்து வைத்திருந்தார். பைண்டிங்காரர் ஓரத்தை ஒட்ட வெட்டியதில் சில பக்கங்களில் வரிக்கடைசி எழுத்தெல்லாம் போயிருக்கும். கதை முடிகிற பக்கத்தின் பின்னால் ஏதோ துணுக்கு பாதி இருக்கும், மீதி இருக்காது. முதல் பாகத்தை இரவல் வாங்கிப் போன புண்ணியவான் திருப்பித் தரவேயில்லை. ஆகவே நான் ஆரம்பித்ததே இரண்டாம் பாகமான ‘சுழற்காற்’றில்தான்.

வந்தியத்தேவன் யாரென்றே எனக்குத் தெரியாது. வைத்தியர் மகனோடு மூலிகை தேடி கோடிக்கரைக்கு வந்த துடுக்கான ஓர் ஆள், அவ்வளவுதான். பூங்குழலி ஓடுகிறாள், இவன் துரத்துகிறான், சேற்றுப் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறான். கடைசியில் அவளேதான் கரையேற்றுகிறாள். “இவன் யாரு பெரியம்மா?” என்று கேட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே முதல் பாகத்தைச் சொல்லத் தொடங்கினார். கல் தீர்வதற்குள் கதை தீர்ந்துவிட்டது.

கோடிக்கரை லேசுப்பட்ட இடமில்லை. கடற்காற்று வந்து அறையும் கரையில் தனியே கோயில் கொண்டிருக்கும் குழகர் என்கிற சிவனைப் பார்த்து, “பக்கத்தில் குடியிருப்பு இருந்தால் குற்றமா, உமக்கு யார் துணை?” என்று சுந்தரர் அங்கலாய்த்தது அங்கேதான். அந்தத் தனிமையில் வளர்ந்த பெண் பூங்குழலி. பழுவேட்டரையர்கள், நந்தினி, குந்தவை, வானதி, ஆழ்வார்க்கடியான் என்று ஆள் ஆளாக அறிமுகம் செய்துவைத்துக் களைத்த பிறகு, கல்கி மூச்சு விடுவது இந்தக் கடற்கரையில்தான். தொடர்நாவலுக்கு முதல் பாகம்தான் வாசல் என்று யார் சட்டம் போட்டது? எத்தனை பேர் வாசலிலேயே நின்று கால் கடுத்துத் திரும்பிப் போயிருக்கிறார்கள்! கொல்லைப்புறமாக வாருங்கள் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்பதில்லை.

1999இல் நாட்டுடைமை ஆனதிலிருந்து ஆளுக்கொரு பதிப்பு. ஐந்தையும் பெட்டியில் போட்டு விற்கிறார்கள், வாங்கியவர் கடன் வாங்கியவர்போல முழிக்கிறார். வாங்கிவிட்டோமே என்பதற்காகப் படிக்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும்.

‘சுழற்காற்’றை எடுங்கள். முதல் ஐந்து அத்தியாயம் போதும், படகு நடுக்கடலுக்குப் போய்விடும். ஒரு நாளைக்கு ஒன்றுதான், அதற்கு மேல் தொடக்கூடாது. அதற்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் பெட்டியோடு ஊர் நூலகத்தில் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். ஐந்தாம் பாகத்தில் மட்டும் 91 அத்தியாயம் இருக்கிறது, அதைப் பற்றி இப்போது என்னிடம் கேட்காதீர்கள்.