கேள்வி நேரம்: வகுப்புக்கு வந்த பாட்டி

சிங்கப்பூரின் தமிழ்மொழி விழா ஏப்ரலில் வருவதாலோ என்னவோ, இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பிள்ளைகளையும் நாடகத்தையும் பற்றியவை. ஐந்து கேள்விகளை எடுத்திருக்கிறேன்.

என் மகள் தொடக்கநிலை 5 படிக்கிறாள். பள்ளித் தமிழ் நாடகத்தில் சேர்த்திருக்கிறார்கள். சனிக்கிழமை ஒத்திகையும் டியூஷனும் ஒரே நேரத்தில் வருகின்றன. அடுத்த ஆண்டு பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு). எதை விடுவது? – ஒரு தாய், உட்லண்ட்ஸ்

டியூஷன் நேரத்தை மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாது என்றால், ஒத்திகையில் அவள் என்ன செய்கிறாள் என்று அவளிடமே கேளுங்கள். தமிழ் வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பொருள் தெரியாமலே மனப்பாடம் செய்து, மேடையில் ஒருமுறை ஒப்பித்துக் கைதட்டு வாங்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஒத்திகை என்றால் நீங்கள் யோசிப்பது சரிதான். பிள்ளைகளே உட்கார்ந்து, "இந்த அத்தை இப்படியா பேசுவாங்க?" என்று சண்டை போட்டு வசனம் உருவாக்குகிறார்கள் என்றால் தயவுசெய்து அதை நிறுத்திவிடாதீர்கள். வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துவிட்டுத் தேர்வாளரோடு உரையாட வேண்டும், அங்கே மனப்பாடம் கைகொடுக்காது. அடுத்தவர் சொன்னதைக் காதில் வாங்கி, அந்த நொடியில் பதில் யோசித்துச் சொல்லிப் பழகிய பிள்ளைதான் அங்கே தடுமாறாமல் பேசும்.

வாய்விட்டு வாசிப்பதற்கும் ஒரு வழி சொல்கிறேன். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகள், சொல்கிறார்: நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). "பஸ் போயிடுச்சு" என்ற ஒரே வரியை இந்த எட்டு விதமாகவும் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பெருமிதத்தோடு பஸ்ஸை விடுவது எப்படி என்று வீடே சேர்ந்து மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளும். அதற்கப்புறம் பாடப் பத்தியை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், குரலில் ஏற்ற இறக்கம் தானாக வரும்.

வகுப்பில் நாடகம் நடத்துங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு பாட நேரத்துக்குள் இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி? எனக்கு நடிக்கவும் தெரியாது. – தமிழாசிரியர், ஜூரோங் வெஸ்ட்

நடிக்கத் தெரிய வேண்டாம், மேடையும் வேண்டாம். ஒரு பழைய சால்வையும் துணிப்பையும் போதும். நான் பணியில் இருந்தபோது தொடக்கநிலை 3 வகுப்புக்கு வழி சொல்லும் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. வெளியே போய்ச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கூனிக்கொண்டு கதவைத் தட்டினேன். "ஏம்ப்பா, இதுதானே தேக்கா மார்க்கெட்டு? பேத்தி இங்கதான் நிப்பேன்னு சொன்னா."

முதலில் ஒரே சிரிப்பு. ஒரு பையன் "டீச்சர், வீ நோ இட்ஸ் யூ" என்றான். "என்ன தம்பி சொல்ற, எனக்கு இங்கிலீஷ் தெரியாதே" என்றேன். இந்த இடத்தில் நாம் விட்டுக்கொடுக்கவே கூடாது. இரண்டு நிமிடத்தில் பாதி வகுப்பு என்னைச் சுற்றி நின்றது. இது ஸ்கூல் பாட்டி, எம்ஆர்டி ரயில்ல போகணும், ரைட்டுல திரும்புங்க, இல்ல இல்ல இடது பக்கம். அந்த ஆண்டு முழுவதும் என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசியிராத பையன் ஒருவன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "பாட்டி, உக்காருங்க. தண்ணி வேணுமா?" என்றான். "உக்காரு" என்று சொல்லவில்லை, "உக்காருங்க" என்றான். அந்த "ங்க"வுக்காக நான் மூன்று வாரம் பயிற்சித்தாள் கொடுத்திருந்தேன். வயதான ஒருவர் எதிரே நின்று தவித்ததும் அது தானாக வந்துவிட்டது. அன்று சால்வைக்குள் எனக்குக் கண் கலங்கியதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

இங்கிலாந்தில் டோரதி ஹீத்கோட் (1926–2011) என்ற ஆசிரியர் பல ஆண்டுகள் இப்படித்தான் செய்தார். ஆசிரியரே ஒரு பாத்திரமாகி உள்ளே வந்து ஒரு சிக்கலைக் கொண்டு வைத்துவிடுவார், என்ன செய்வது என்று பிள்ளைகள்தான் முடிவெடுக்க வேண்டும். நமக்கு இது இன்னும் அதிகம் பொருந்தும். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் இந்தியர்கள் 36.7 விழுக்காடு, 2020இல் 29.2 விழுக்காடு. தமிழில் பேசியே ஆக வேண்டிய தேவை பிள்ளைகளுக்கு வீட்டிலேயே குறைந்துவிட்டது. அந்தத் தேவையைப் பத்து நிமிடத்துக்காவது வகுப்பில் உண்டாக்கிக் கொடுக்கலாம்.

பத்து நிமிடம் பாட்டி, அப்புறம் பத்து நிமிடம் பாட்டிக்கு வழி எழுதிக் கொடுக்கும் குறிப்பு. எழுத்துப் பயிற்சியும் முடிந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சால்வையைக் கழற்றி மேசையில் வைத்து, "பாட்டி போயிட்டாங்க" என்று வாய்விட்டுச் சொல்லி முடியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பாடம் நடக்காது.

மகன் பள்ளி நாடகத்தில் "வந்துட்டேன், போயிட்டேன்" என்றே வசனம் பேசுகிறார்கள். பள்ளியே இப்படிச் செய்தால் தமிழ் கெட்டுவிடாதா? – ஒரு தந்தை, பொங்கோல்

கெடாது ஐயா. 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவே தரமான பேச்சுத்தமிழை வகுப்பறைக்குக் கொண்டுவரச் சொன்னது. "அம்மா, எனக்குப் பசிக்கின்றது, உணவு தாருங்கள்" என்று எந்தப் பிள்ளையும் வீட்டில் கேட்பதில்லை. கேட்கச் சொன்னால் ஆங்கிலத்துக்குப் போய்விடும். நாடகத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு: செய்தி வாசிப்பவர் எழுத்துத்தமிழில் பேசட்டும், புரோட்டாக் கடை அண்ணன் பேச்சுத்தமிழில் பேசட்டும். எங்கே எது என்ற விவரம் பிள்ளைக்கு அப்படித்தான் பிடிபடும். சிரிப்பு மூட்டுவதற்காக யாருடைய பேச்சையாவது கிண்டல் செய்து வசனம் வைத்தால் மட்டும் கட்டாயம் பள்ளியிடம் சொல்லுங்கள்.

பகடிவதை பற்றி நாங்கள் நாடகம் போடுகிறோம். கடைசிக் காட்சியில் பள்ளி முதல்வர் வந்து அறிவுரை சொல்ல வேண்டும் என்கிறார் எங்கள் ஆசிரியர். எங்களுக்கு அது போலியாகத் தெரிகிறது. – உயர்நிலை 3 மாணவன், தெம்பனிஸ்

போலிதான் தம்பி. அடி வாங்குகிற பையனுக்கு முதல்வர் வருகிற வரை என்ன செய்வது என்பதுதானே கேள்வி?

பிரேசில் நாடகக்காரர் அகுஸ்தோ போவால் உருவாக்கிய ஃபோரம் தியேட்டர் என்ற முறையைப் பாருங்கள். 1973இல் அவர் பெரு நாட்டில் எழுத்தறிவு இயக்கத்தில் வேலை செய்தார். ஒரு நாடகத்தில், ஏமாற்றிய கணவனை மனைவி என்ன செய்ய வேண்டும் என்று பார்வையாளர்கள் யோசனை சொன்னார்கள். ஒரு பெண் சொன்ன யோசனையை நடிகை எத்தனை முறை நடித்துக் காட்டியும் அந்தப் பெண்ணுக்குத் திருப்தியில்லை. சரி, நீங்களே வந்து செய்யுங்கள் என்று போவால் அவரை மேடைக்குக் கூப்பிட்டார். அப்படித்தான் இந்த முறை பிறந்ததாக அவர் சொல்லியிருக்கிறார்.

சிங்கப்பூரில் தி நெசசரி ஸ்டேஜ் நாடகக் குழு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இதைச் செய்து பார்த்தது. பார்வையாளர் மேடையேறி என்ன பேசுவார் என்று முன்கூட்டியே தெரியாதே என்ற தயக்கத்தால் 1994 முதல் 2003 வரை இவ்வகை நாடகத்துக்கு அரசு நிதியுதவி இல்லாமல் இருந்தது. இன்று அந்தத் தடை இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பத்து நிமிட நாடகம், மிக மோசமான கட்டத்தில் நிறுத்துங்கள். மறுபடி முதலிலிருந்து நடியுங்கள். பார்ப்பவர்களில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லி, பாதிக்கப்பட்டவன் இடத்திலோ பக்கத்தில் சும்மா நிற்கும் நண்பன் இடத்திலோ வந்து வேறு மாதிரி செய்து பார்க்கலாம். கொடுமை செய்பவனை மட்டும் மாற்றக் கூடாது. அவன் திடீரென்று நல்லவனாகிவிட்டால் அதுவும் போலிதான். இதை நடத்திக் கொடுக்கிறவரை ஜோக்கர் என்பார்கள். அந்தப் பொறுப்பை உங்கள் ஆசிரியருக்கே கொடுங்கள். "இது நிஜத்தில் நடக்குமா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்கப் பெரியவர் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

என் 9 வயது மகனுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது. தமிழ் நாடகத்துக்குக் கூட்டிப்போவதில் பயன் உண்டா? – ஒரு தந்தை, செங்காங்

உண்டு, இந்த மாதமே போங்கள். சிங்கப்பூர் நாடகக்காரர் குவோ பாவ் குன் 1988இல் மேடையேற்றிய ஒரு பன்மொழி நாடகத்தில், ஹொக்கியன் என்ற சீன மொழி மட்டும் தெரிந்த அம்மா ஒருவரும் தமிழ் பேசும் முதியவர் ஒருவரும் காணாமல்போன பூனைகளைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. கையாலும் முகத்தாலும் பேசி எல்லாவற்றையும் புரிந்துகொள்வார்கள். உங்கள் மகனும் முதலில் முகத்தைத்தான் பார்ப்பான், சொல் அப்புறம் வரும். நாடகம் நடக்கும்போது காதில் மொழிபெயர்த்துக்கொண்டே இருக்காதீர்கள், அது அவனையும் கெடுக்கும், பக்கத்தில் இருப்பவரையும் கெடுக்கும். திரும்பி வரும்போது எம்ஆர்டியில், "அந்தத் தாத்தா ஏன் அப்படிக் கோபப்பட்டார்?" என்று தமிழில் கேளுங்கள். அவன் ஆங்கிலத்தில் சொன்னாலும் பரவாயில்லை, கடைசி வரை கேளுங்கள்.