மாதிரி ரயிலுக்கு அழுக்கேற்றுவது எப்படி?

கேள்வி: மாடி அறையில் எச்ஓ அளவில் (நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு) சின்ன லேஅவுட், அதாவது மாதிரி ரயில் பாதை ஒன்று போட்டிருக்கிறேன். டபிள்யூடிஎம்-3ஏ டீசல் இன்ஜின் ஒன்று, நீல நிற ஐசிஎஃப் பயணிகள் பெட்டிகள் ஐந்து, நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்என் வேகன்கள் எட்டு. எல்லாம் நன்றாக ஓடுகின்றன. ஆனால் பார்த்தால் பொம்மை மாதிரியே இருக்கின்றன. ஒரு வேகனில் கறுப்பு அக்ரிலிக் பெயிண்டைத் தண்ணீரில் கரைத்துப் பூசினேன். திட்டுத் திட்டாகத் திரண்டு, காய்ந்ததும் வளையம் வளையமாகக் கறை நின்றுவிட்டது. ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயிண்ட் தூவும் கருவி) இல்லாமல் இது சரிவராதா? இன்ஜினில் கை வைக்கவே பயமாக இருக்கிறது. (கோவை வாசகர்)

பதில்: ஏர்பிரஷ் இப்போதைக்கு வேண்டாம். நல்ல பிரஷ் நான்கு, உலர்ந்த பேஸ்டல் சாக்குக் கட்டிகள், மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்பிரே ஒரு டப்பா, இவை போதும். உங்கள் வேகனில் நடந்தது கைப்பிசகு இல்லை. ஆலையில் அடித்த பெயிண்ட் வழவழப்பாக இருக்கும். அதன்மேல் தண்ணீர் பரவாது, முத்து முத்தாகத் திரளும். காயும்போது நிறமெல்லாம் அந்தத் துளிகளின் ஓரத்துக்குப் போய்ச் சேரும். அதுதான் வளையம். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த நீரில் பிரஷை நனைத்து மெதுவாகத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கையும் விரல் ரேகையையும் எடுங்கள். காய்ந்ததும் மெல்லிய மேட் வார்னிஷ் ஒரு சுற்று. அதற்குப் பிறகு வாஷ், அதாவது நீர்க்கக் கலந்த பெயிண்ட், பூசினால் சீராகப் பரவும். வாஷ் கலக்கும் தண்ணீரிலும் ஒரு சொட்டு சோப்பு விட்டுக்கொள்ளுங்கள்.

சொல்லப்போனால், அந்த மேட் பூச்சிலேயே பாதி வேலை முடிந்துவிடும். பொம்மைத்தனம் என்று நம் கண் பிடிப்பதில் பெரும்பகுதி அந்தப் பளபளப்புதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மழைக்காலத்தில், காற்றில் ஈரம் மிகுந்த நாளில் வார்னிஷ் ஸ்பிரே அடிக்காதீர்கள். பூச்சு வெளுத்து, வெண்படலம் படிந்துவிடும். வெயில் ஏறிய, வறண்ட நாளாகப் பார்த்து, ஜன்னல்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள். கண்ணாடிகளைக் கழற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது நிறம். கறுப்பை எடுத்தது தவறான தேர்வு. சுத்தமான கறுப்பும் சுத்தமான வெள்ளையும் இந்தச் சின்ன அளவில் கண்ணை உறுத்தும். ரயிலில் நாம் பார்க்கும் அழுக்கில் பெரும்பாலானது பழுப்பு. ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும் பர்ன்ட் அம்பர், ரா அம்பர், பர்ன்ட் சியன்னா என்ற பழுப்பு வகைகள், அவற்றோடு ஒரு அடர் சாம்பல் இருந்தால் முக்கால்வாசி வேலை ஓடிவிடும்.

நுட்பங்களை விட முக்கியமானது ஒன்று: எந்தக் கறைக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். பிரஷை வைக்கும் முன் "இந்த அழுக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அங்கே பூசாதீர்கள். இணையத்தில் பார்க்கும் பல மாடல்களில் எல்லா இடத்திலும் ஒரே அளவு துரு இருக்கும். திறமையான கை, ஆனால் யாரும் நிஜ வண்டியைப் பார்க்கவில்லை. உங்கள் மூன்று வகை வண்டிகளும் மூன்று விதமாக அழுக்காகிறவை. அதனால் தனித்தனியாகவே பார்ப்போம்.

வேகனில் தொடங்குங்கள். பாக்ஸ்என்னைப் போல மன்னிக்கிற வண்டி வேறில்லை. வாழ்நாள் முழுக்க யாரும் அதைக் குளிப்பாட்டுவதில்லை. மின் நிலையங்களில் டிப்ளர் எந்திரம் வேகனைப் பிடித்து அப்படியே கவிழ்க்கும். பிடிக்கும் கவ்விகள் மேல் விளிம்பை நசுக்கும். கரி உள்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டு இறங்கும். ஆகவே மிக மோசமான இடங்கள் உள்சுவரும் மேல் விளிம்பும்தான். உள்ளே முழுக்கத் துருப் பழுப்பைப் பூசி, அது முழுதாகக் காய்வதற்குள் அடர் சாம்பலை ஒற்றி எடுங்கள். வெளிச்சுவரில் வெல்டிங் கோடுகள், செங்குத்துச் சட்டங்களின் அடிப்பகுதி, கதவின் கீழ் விளிம்பு என நீர் தேங்கும் இடங்களில் மட்டும் துரு. அங்கிருந்து மழைநீர் வழிந்த கோடு நேர் செங்குத்தாகக் கீழே வரவேண்டும். சாய்ந்த ஒரு கோடு போதும், எல்லாம் கெட்டுவிடும்.

துருப் புள்ளிகளுக்குப் பிரஷைவிட ஃபோம் பஞ்சு நல்லது. பேக்கிங் ஃபோமில் ஒரு துணுக்கைக் கிள்ளி, பெயிண்டில் தொட்டு, காகிதத்தில் நன்றாக ஒற்றிவிட்டு, வேகனில் மெல்லத் தட்டுங்கள். ஒழுங்கில்லாத புள்ளிகள் விழும். கையால் வைத்தால் அந்த ஒழுங்கின்மை வராது. அளவை மறக்க வேண்டாம். எச்ஓ என்பது 87இல் ஒரு பங்கு. நீங்கள் வைக்கும் 1 மி.மீ. புள்ளி நிஜத்தில் கிட்டத்தட்ட 9 செ.மீ. அகலத்தில் பெயிண்ட் உரிந்த இடம். 3 மி.மீ. என்றால் ஒரு கால் மீட்டர்!

இன்னொரு விஷயம். உங்கள் வேகனின் பக்கத்தில் பாக்ஸ்என் என்று இருக்கிறதா, பாக்ஸ்என்எச்எல் என்று இருக்கிறதா என்று பாருங்கள். பின்னதற்கு உடல் துருவேறா எஃகு. அதில் ஆழமான துருத் திட்டுகளை வைத்தால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அதற்குக் கரித்தூசியும் மண்ணும் போதும்.

எட்டு வேகனையும் ஒரே மாதிரி செய்யாதீர்கள். ஒன்று பட்டறையிலிருந்து இப்போதுதான் பெயிண்ட் அடித்து வந்ததாக இருக்கட்டும், இரண்டு மிக மோசமாக இருக்கட்டும், மற்றவை இடையில். வளையக் கறை விழுந்த அந்த வேகன்தான் மோசமான இரண்டில் ஒன்று. அதைச் சுரண்டிச் சரிசெய்யப் போக வேண்டாம். ஆல்கஹாலால் துடைத்தால் கறையோடு எழுத்துகளும் வந்துவிடலாம். கரி ஏற்றிக் காட்ட நிஜ நிலக்கரியையே உடைத்துச் சலித்துப் போடலாம். வேகனுக்குள் நேராக ஒட்டாமல், உள்ளளவுக்கு வெட்டிய தெர்மோகோல் அல்லது ஃபோம் துண்டின்மேல், நீர் கலந்த ஃபெவிகால் விட்டு ஒட்டிக்கொண்டால், ஒரு நாள் நிறைவண்டி, மறுநாள் காலி வண்டி என்று ஓட்டலாம்.

பயணிகள் பெட்டியின் கதை வேறு. அதைக் கழுவுகிறார்கள். ஆனால் எதைக் கழுவுகிறார்கள் என்பதுதான் கேள்வி. கழுவும் எந்திரத்தின் பிரஷ் பக்கச் சுவரைத் தேய்க்கும். பெட்டியின் முகப்புக்கும், இரண்டு பெட்டிக்கு நடுவே இருக்கும் நடைவழிக்கும், கதவு உள்வாங்கிய மூலைக்கும், மேற்கூரைக்கும் அது போகாது. ஆகவே பக்கச் சுவர் ஓரளவு சுத்தம், முனைகள் கன்னங்கரேல், அதுதான் சரியான விகிதம். நீலத்தை வெயில் வெளுக்கச் செய்ய, வெளிர் சாம்பலை மிக மிக நீர்க்கக் கலந்து ஜன்னலுக்கு மேற்பட்ட பகுதியில் ஒரு பூச்சு கொடுங்கள். ஜன்னல் கம்பிகளுக்குக் கீழே கறைக் கோடுகள் வரலாம். ஓடும் வண்டியிலிருந்து நம் மக்கள் எதையெல்லாம் வெளியே ஊற்றுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

அடிப்பகுதிக்கு வருவோம். பழைய வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகள் தேய்ந்து பறக்கும் தூள் துருப்பிடித்து, போகியிலும் (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம்) பெட்டியின் கீழ்ப்பட்டையிலும் செம்பழுப்பாகப் படியும். பின்னால் வந்த கூட்டுப்பொருள் கட்டைகளின் தூள் கறுஞ்சாம்பல். நீங்கள் எந்தக் காலத்தைக் காட்டுகிறீர்களோ அதற்கேற்ற நிறம் போடுங்கள். கழிவறை நேரே தண்டவாளத்தில் திறந்த காலமென்றால் பெட்டியின் இரு முனைகளின் அடியிலும், நிலையத்தில் வண்டி நிற்கும் பாதையின் நடுவிலும் கறை அதிகம். பயோ டாய்லெட் காலமென்றால் அந்தக் கறையை விட்டுவிட்டு, அடியில் தொட்டி வைக்கலாம். மின்பாதை ஓடும் லேஅவுட் என்றால் கூரையில் பழுப்புத் தூசி கூடுதலாக இருக்கட்டும்; மேல்கம்பியும், அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் பாண்டோகிராஃபும் உரசித் தேயும் தூள் அங்கேதான் விழும்.

போகிக்குத்தான் பேஸ்டல் தூள். சாக்குக் கட்டியைக் கத்தியால் சுரண்டினால் தூள் கிடைக்கும். எண்ணெய் பேஸ்டல் வாங்கிவிடாதீர்கள், அது சுரண்டவே வராது. மேட் பரப்பில் மென்மையான பிரஷால் தேய்த்தால் பிடிக்கும். பிடிக்காவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி செய்யலாம். இந்தத் திருத்தும் வசதிதான் புதியவர்களுக்கு நான் பெயிண்டைவிடத் தூளை முதலில் சொல்வதற்குக் காரணம். மேலே வார்னிஷ் அடித்தால் தூளின் நிறம் பாதி மறைந்துபோகும். ஒன்று, கொஞ்சம் தூக்கலாகப் போட்டுவிட்டு அடிக்கவேண்டும். இல்லை, கை படாத இடமென்றால் அப்படியே விட்டுவிடலாம். ஆல்கஹால் கலந்த வாஷை மேட் வார்னிஷின்மேல் பூசினால் சில வார்னிஷ்கள் வெளுத்துப்போகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

நம் ஊர் வண்டிகளுக்கு இதில் ஒரு உபரி லாபம் இருக்கிறது. நாம் ஓட்டும் 16.5 மி.மீ. பாதை 1435 மி.மீ. கேஜுக்கு (தண்டவாள இடைவெளிக்கு) உரியது. நம் 1676 மி.மீ. அகலப்பாதைக்கு 19 மி.மீ.க்கும் கொஞ்சம் மேலே வேண்டும். அந்தக் குறுகல் முன்னாலிருந்து பார்த்தால் தெரியும். சக்கரங்களின் முகத்தையும் உள்பக்கத்தையும் அடர் நிறத்தில் விட்டு, போகியின் வெளிமுகத்தில் மட்டும் வெளிர் தூசியைப் பூசினால் கண் வெளிமுகத்தோடு நின்றுவிடும்.

கடைசியாக இன்ஜின். வேகன் நான்கைந்து முடித்த பிறகு, அதுவும் புதிதாக வாங்கியபோது இருந்ததைவிடச் சற்றே மங்கினால் போதும் என்ற எண்ணத்தோடு கை வையுங்கள். டபிள்யூடிஎம்-3ஏ என்பது ஆல்கோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் வடிவமைப்புக் குடும்பத்தைச் சேர்ந்த 3100 குதிரைத்திறன் இன்ஜின். வேகம் எடுக்கும்போது கக்கும் கரும்புகை பிரசித்தம். புகைபோக்கியைச் சுற்றியும் அதற்கு அடுத்த கூரையிலும் அடர் சாம்பல் தூளைத் தேய்த்து, போகப் போக மங்கவிடுங்கள். டீசல் ஊற்றும் வாய்க்குக் கீழே, தொட்டியின் மேல், பளபளப்பான அடர்பழுப்புக் கறை வழிய வேண்டும். வண்டி முழுக்க மேட், இங்கே மட்டும் ஈரப்பளபளப்பு. அதற்குக் கொஞ்சம் பளபளப்பு வார்னிஷைப் பழுப்போடு கலந்துகொள்ளுங்கள். சக்கரம் வழுக்காமல் மணல் தூவும் குழாய் அருகே வெளிர் தூசி. முனையில் மோதலைத் தாங்கும் பஃபர் வட்டின் நடுவே கிரீஸ் கறை. ஊழியர்கள் ஏறி இறங்கும் படிகளின் விளிம்பில் பெயிண்ட் தேய்ந்திருக்கும். அங்கே வெள்ளி நிறத்தை உலர்ந்த பிரஷால், பெயிண்டெல்லாம் துடைத்தெடுத்த பிரஷால், ஒரு தடவு. முன்கண்ணாடியில் வைப்பர் துடைத்த வில் வடிவத்துக்கு டேப்பை வெட்டி ஒட்டி, சுற்றிலும் தூசி போட்டு, டேப்பை உரித்தால் ஓட்டுநர் உள்ளே இருப்பது போலத் தோன்றும்.

நுண்பாகங்கள் சேர்ப்பதானால் அழுக்குக்கு முன்பே சேர்த்துவிடுங்கள். பிளாஸ்டிக்கில் தடிமனாக வார்த்த கைப்பிடிகளைச் செதுக்கி எடுத்துவிட்டு 0.4 மி.மீ. பித்தளைக் கம்பி வைத்தால் அது நிஜத்தில் 35 மி.மீ. குழாய்க்குச் சமம். காற்றுக் குழாய்கள், முகப்பு விளக்கின் கண்ணாடி, இவற்றுக்குமேல் போகத் தேவையில்லை. ஓடும் வண்டியை மூன்றடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

எதைச் செய்தாலும் லேஅவுட்டில் எரியும் அதே விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தபின் அடுத்த பூச்சுக்குப் போங்கள். மேஜை விளக்கில் அளவாகத் தெரிந்தது அங்கே அதிகமாகத் தெரியலாம். விலை உயர்ந்த மாடலை என்றைக்காவது விற்கும் எண்ணமிருந்தால், அழுக்கேற்றிய வண்டிக்குச் சேகரிப்பாளர்கள் விலை குறைத்துத்தான் கேட்பார்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

இரும்பைத் தேய்த்தெடுத்த நிஜத் துருவைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். ஓடும் இன்ஜினுக்கு அது வேண்டவே வேண்டாம். அதில் கலந்திருக்கும் இரும்புத் துகளை மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும். மற்றத் தூள்களும் பல்சக்கரத்தில் விழாதபடி இன்ஜினின் மேலுடலைக் கழற்றித் தனியாக வைத்து வேலை செய்யுங்கள். போகியைச் செய்யும்போது அடியிலிருந்து மேல் நோக்கித் தூளை ஊதாதீர்கள். எல்லாம் முடிந்ததும் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் பரப்பையும், மின்சாரம் எடுக்கும் தகடுகளையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைத்துவிட்டுத்தான் பாதையில் ஏற்ற வேண்டும். தண்டவாளத்தின் பக்கவாட்டுக்குத் துருப் பழுப்பு அடிக்கிறீர்கள் என்றால் அதன் மேற்பரப்புக்கும் இதே துடைப்புதான்.