காய்ச்சல் போன பிறகு வரும் வில்லங்கங்கள்: வாசகர் கேள்விகள்

மாரி தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி இருமல், சளியைப் பற்றியதே அல்ல. முடி, மூக்கு, கால், கண் என்று உடம்பின் வேறு மூலைகளில் இருந்து வருகின்றன. சில வாரங்களுக்கு முந்திய காய்ச்சலுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று கேட்பவர்களே நினைத்திருக்க மாட்டார்கள்.

கொவிட் வந்து இரண்டு மாதமாகிறது. இப்போது வெங்காயம் தாளித்தால் பிளாஸ்டிக் எரிகிற மாதிரி நாறுகிறது. வீட்டில் மற்ற யாருக்கும் அப்படி இல்லையாம். எனக்கு மண்டையில் ஏதும் கோளாறா? (காத்தான்குடி)

மண்டையில் ஒன்றுமில்லை, மூக்கின் உச்சியில்தான் விசயம். அங்கே மணம் பிடிக்கும் நரம்புக் கலங்களைச் சுற்றி, அவற்றைத் தாங்கிப் பராமரிக்கும் வேறு கலங்கள் இருக்கின்றன. கொவிட் வைரஸ் பெரும்பாலும் தாக்குவது இந்தத் தாங்கும் கலங்களைத்தான், அவை கெட்டால் நரம்பும் படுத்துவிடும், மணம் அடியோடு போய்விடும். திரும்பி வரும்போது மூளைக்குப் போகும் செய்தி கொஞ்சக் காலம் அரைகுறையாக இருக்கும், அதுதான் இந்த நாற்றம். வெங்காயம், உள்ளி, கோப்பி, பொரியல் இவைதான் அதிகம் படுத்தும். சாப்பாட்டை ஆறவைத்துச் சாப்பிடுங்கள், ஆவி குறைந்தால் நாற்றமும் குறையும். ரோசா, எலுமிச்சை, கராம்பு, யூகலிப்டஸ் தைலம் நான்கையும் காலையும் மாலையும் ஒவ்வொன்றாக இருபது வினாடி மெதுவாக முகர்ந்து, அந்த மணத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும், ஒரு கிழமையில் பலன் தேடாதீர்கள். அதுவரை மீன் பழுதா, கேஸ் கசிகிறதா என்பதை வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும்.

மகனுக்கு ஏழு வயது. காய்ச்சல், தடிமன் விட்டுப் போய் அடுத்த நாள் காலை எழும்பி, குதிக்காலை ஊன்றாமல் நுனிக்காலில் நடக்கிறான், கெண்டைக்காலைத் தொட்டால் அழுகிறான். அம்மம்மா போலியோ என்று பயப்படுகிறா. (களுவாஞ்சிகுடி)

அம்மம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அவ கண்ட காலம் அப்படி. ஆனால் இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல். இந்தக் கதை இன்புளுவென்சா, அதிலும் பி வகை, பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்குச் செய்கிற வேலை மாதிரி இருக்கிறது: காய்ச்சல் இறங்குகிற நேரம் பார்த்துக் கெண்டைத் தசைகளில் அழற்சி வரும். பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் தானாகவே போய்விடும். ஓய்வு, நிறையத் தண்ணீர், நிறைக்கு ஏற்ற அளவில் பரசிட்டமோல், அவ்வளவுதான். அஸ்பிரின் கொடுக்கவே கூடாது, வைரஸ் காய்ச்சலில் பிள்ளைகளுக்கு அது ஈரலையும் மூளையையும் தாக்கும் அபாயம் உண்டு.

ஆனாலும் ஒருமுறை வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். வலியால் நடக்க மறுப்பது வேறு, கால் சோர்ந்து பலமில்லாமல் போவது வேறு. பலம் குறைந்தாலோ, சலம் தேயிலைச் சாயம் மாதிரிக் கறுத்துப் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. நம்முடைய பக்கத்தில் மாரியோடு டெங்கும் வரும், காய்ச்சல் விடுகிற நேரம்தான் அதில் ஆபத்தான நேரம். ஆகவே இரத்தப் பரிசோதனை செய்யாமல் டைக்ளோபெனக், ஐபுபுரோபென் குளிசைகளைப் பாமசியில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. கடும் காய்ச்சல் வந்து மூன்று மாதம். (அக்கரைப்பற்று)

கணக்குச் சரியாக இருக்கிறது. பெரிய காய்ச்சலில் நிறைய முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாக உதிரும். வேர் சாகவில்லை, ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். தானாக நிற்கப் போகிற நேரத்தில் பூசிய எண்ணெய்க்குத்தான் பெயர் கிடைக்கும், அது வேறு விசயம். நிற்காவிட்டால் இரும்புச்சத்தும் தைரொயிட்டும் பார்க்கலாம்.

வாப்பாவுக்கு 70 தாண்டிவிட்டது, சீனி வருத்தம் இருக்கிறது. தடிமன் வந்த இரண்டாம் நாளிலிருந்து ஆளை மாறிக் கூப்பிடுகிறார், சாப்பாடும் வேண்டாம் என்கிறார். காய்ச்சல் பெரிதாக இல்லை. வயதுதானே என்று விடலாமா? (ஏறாவூர்)

விடக்கூடாது. இந்தப் பதிலை வாசித்து முடிக்க முதல் கூட்டிக்கொண்டு போங்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சலோ இருமலோ பெரிதாகத் தெரியாமல், திடீர்த் தடுமாற்றமே முதல் அறிகுறியாக வருவது வழமை. ஒட்சிசன் குறைந்திருக்கலாம், உடம்பில் நீர் வற்றியிருக்கலாம், தொற்று நேரத்தில் சீனி எகிறியிருக்கலாம், சாப்பிடாமல் குளிசை மட்டும் போட்டால் ஒரேயடியாக இறங்கியும் இருக்கலாம். இதயமும் இந்த நேரத்தில் பலவீனம்: இன்புளுவென்சா உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு கூடுகிறது என்று கனடாவில் செய்து 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குதல், முகம் கோணுதல் இருந்தால் ஓட்டோ தேடாமல் 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்தான்.

தொண்டை நோவோடு கண்ணும் சிவந்துவிட்டது. தங்கச்சி போட்ட சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறது, போடலாமா? (பொத்துவில்)

வேண்டாம். அடினோ வைரஸ் தொண்டையையும் கண்ணையும் சேர்த்தே பிடிக்கும், அன்டிபயோட்டிக் சொட்டு அதற்கு வேலை செய்யாது. அந்தப் போத்தலில் ஸ்டிரொயிட் இருந்தால் கண்ணுக்குக் கேடு. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றுங்கள், துவாயும் தலையணை உறையும் தனியாக வைத்திருங்கள். வெளிச்சம் கூசினாலோ பார்வை மங்கினாலோ கண் கிளினிக்குக்குப் போங்கள்.