வாசகர் கேள்வி–பதில்: கோர்சிகாவில் செரன்கோவ் ஒளி

கேள்வி: லடாக்கின் ஹான்லேயில் இருக்கும் மேஸ் தொலைநோக்கிக்காக, 1 டெராஎலக்ட்ரான்வோல்ட் காமாக் கதிர்களின் காற்றுப்பொழிவை (கதிர் காற்றில் மோதிக் கிளப்பும் துகள் மழையை), அதைக் கணினியில் உருவகப்படுத்தும் கோர்சிகா நிரலில் ஓட்டுகிறேன். 10,000 பொழிவு முடிவதற்குள் வட்டு நிரம்பிவிடுகிறது. செரன்கோவ் ஒளியின் (காற்றில் ஒளி செல்லும் வேகத்தை மிஞ்சும் மின்னூட்டத் துகள்கள் உமிழும் ஒளியின்) கற்றை அளவை, அதாவது நிரல் ஒன்றாகக் கட்டும் ஃபோட்டான் எண்ணிக்கையை, 5-இலிருந்து 50 ஆக்கலாமா?
– முதுகலை மாணவி, திருச்சி

பதில்: வேண்டாம். ஒரு கற்றையில் உள்ள ஃபோட்டான்கள் எல்லாம் ஒரே இடம், ஒரே திசை, ஒரே கணம். காற்று, ஆடி, ஒளிபெருக்கிக் குழாய் மூன்றும் விழுங்கியது போக, பத்தில் ஒன்றுதான் ஒளிமின்னணுவாகிறது (குழாயில் ஒளி தட்டி வெளியேற்றும் எலக்ட்ரான்) என்று வையுங்கள். 5 உள்ள கற்றைக்குச் சராசரி அரை மின்னணு, பாதகமில்லை. 50 என்றால் ஐந்து மின்னணுக்கள் ஒன்றாக வந்து இறங்கும். மங்கலான பிம்பத்தின் ஓரத்தில் இல்லாத வெளிச்சப் புள்ளி முளைக்கும், டிரிகர் (பதிவைத் தொடங்கச் சொல்லும் சைகை) பொய்யாக எழும்.

முதலில் தொலைநோக்கிக் கோளத்தின் ஆரத்தைப் பாருங்கள்; தொலைநோக்கியைச் சுற்றிய இந்தக் கற்பனைக் கோளத்தில் படும் ஒளியைத்தான் நிரல் கோப்பில் எழுதும். மேஸின் ஆடி விட்டம் 21 மீட்டர். சென்டிமீட்டரில் 1100 போதும். 5000 என்றிருந்தால் கோப்பு 20 மடங்கு பெருக்கும். அடுத்து அலைநீளம்: 240–600 நானோமீட்டரை 300–600 ஆக்கினால் மூன்றில் ஒரு பங்கு குறையும். உங்கள் குழாய் 300-க்குக் கீழ் பார்க்காது என்றால் மட்டும் செய்யுங்கள்.

குவாண்டம் திறனை (குழாயில் விழும் ஃபோட்டான்களில் ஒளிமின்னணுவாகும் பங்கை) கோர்சிகாவுக்குள்ளேயே கணக்கிட்டுக் கழித்தால் கற்றை அளவு 1 ஆக இருக்க வேண்டும். பிறகு கேமரா நிரலில் மறுபடி கழிக்கக் கூடாது. இரண்டு இடத்திலும் கழித்தால் பிம்பம் நான்கில் ஒன்றாக மங்கிவிடும், எச்சரிக்கை எதுவும் வராது.

தொலைநோக்கி இருக்கும் இடத்தின் உயரமும் சென்டிமீட்டரில்தான்: 4,27,000. வெறும் 4270 என்றால் நிரல் கடல்மட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும்! எலக்ட்ரான் வெட்டு ஆற்றல் (இதற்குக் கீழே போன எலக்ட்ரானை நிரல் கைவிட்டுவிடும்) 20 மெகாஎலக்ட்ரான்வோல்ட் இருக்கட்டும். ஹான்லே உயரத்தில் செரன்கோவ் வாசல் (எலக்ட்ரான் இந்த ஒளியை உமிழத் தேவையான குறைந்த ஆற்றல்) சுமார் 27, பத்து கிலோமீட்டர் உயரத்தில் சுமார் 37. நேரம் மிச்சம் என்று வெட்டை 100-க்கு ஏற்றினால் ஒளியில் கணிசமான பகுதி போய்விடும்.

கேள்வி: கோர்சிகாவில் ஒரே பொழிவைத் தொலைநோக்கியைச் சுற்றிப் பத்து இடங்களில் விழவைத்தால் பத்து நிகழ்வுகள் கிடைத்ததாகக் கொள்ளலாமா?
– ஆய்வு மாணவர், கோவை

பதில்: தனித்தனி நிகழ்வுகளாகக் கொள்ள முடியாது. மையம் மாறினாலும் முதல் மோதலின் உயரம் பத்துக்கும் ஒன்றே. பிழை வரம்பைப் பொழிவு எண்ணிக்கையை வைத்தே போடுங்கள். காமாவையும் புரோட்டானையும் பிரிக்க இயந்திரக் கற்றலுக்குத் தரவு கொடுக்கும்போதும் பொழிவு எண்ணைக் கொண்டே பிரியுங்கள். ஒரே பொழிவின் பிரதிகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்தால், துல்லியம் போலியாக உயரும்.