ஆவாரம்பூ கஷாயம் சர்க்கரையைக் குறைக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும். ஆனால் எங்கள் கும்பகோணம் பக்கம் நடப்பதை நான் சோதனை என்று சொல்ல மாட்டேன். சர்க்கரை 280 என்று ரிப்போர்ட் வந்த பயத்தில் கஷாயம் ஆரம்பிப்பார்கள். அதே வாரம் காபியில் சீனியை நிறுத்துவார்கள், ராத்திரி சாதத்தை விடுவார்கள், மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கவும் தொடங்குவார்கள். சர்க்கரை இறங்கியதும் பெயரைத் தட்டிக்கொண்டு போவது ஆவாரம்பூ!

அம்மாவுக்குப் பக்கத்து வீட்டு மாமி சொன்னபோது, சரி, முறையாகவே பார்ப்போம் என்று முடிவு செய்தோம். டாக்டரிடம் சொல்லிவிட்டு, மாத்திரை, சாப்பாடு, நடை எதையும் மாற்றாமல் கஷாயத்தை மட்டும் சேர்த்தோம். தொடங்கும் முன் ஒரு ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை, மூன்று மாதம் கழித்து அதே லேபில் இன்னொன்று. ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அது அளக்கிறது. அந்த அணுக்களின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால் அந்த எண் சில மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும். குளுக்கோமீட்டரை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. நல்ல மீட்டரே 15 சதவீதம் வரை கூடக்குறையக் காட்டலாம். நேற்று 170, இன்று 155 என்றால் அது மருந்தின் வேலையாக இருக்க வேண்டியதில்லை.

அம்மாவுக்கு ஹெச்பிஏ1சி 8.1 இருந்தது 7.9 ஆனது. மாமிக்கு அது வெற்றி. எனக்கு அது ஒன்றுமில்லை. லேப் கணக்கிலேயே அவ்வளவு முன்னே பின்னே வரும்.

அதற்காக மூலிகை எல்லாம் பொய் என்று ஒதுக்கவும் மனமில்லை. சித்த மருத்துவத்தின் ஆவாரைக் குடிநீர் என்ற கூட்டுக் கஷாயத்தில் சேரும் கடலழிஞ்சில் மூலிகையில் சலாசினால் என்ற பொருள் இருக்கிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியை அது தடுக்கும். அகார்போஸ் என்ற சர்க்கரை நோய் மாத்திரை செய்வதும் அதையேதான். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரைக்கே மூலம் காலேகா என்ற ஐரோப்பியச் செடிதான். சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணலைத் தின்பது போலிருக்கும். கொஞ்ச நேரத்துக்கு நாக்குக்கு இனிப்பே தெரியாது. அப்புறம் அசோகா அல்வா பக்கம் கை போகுமா? அந்த இலையால் சர்க்கரை குறைகிறது என்பவர்களுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்திவிட்டு இந்தச் சோதனையில் இறங்காதீர்கள். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவர்கள் கூடவே கஷாயமும் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் வாய்ப்புண்டு. வியர்த்துக் கொட்டி, கை நடுங்கினால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

பெயர் ஒட்டாத பொட்டலத்தில் விற்கும் 'சுகர் பொடி' சில நாளிலேயே சர்க்கரையைத் தடாலென்று இறக்கினால் சந்தோஷப்படாதீர்கள். மூலிகை என்ற பெயரில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரையைக் கலந்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. கஷாயம் குடித்தே ஆக வேண்டும் என்றால் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் காட்டி, கேட்டு வாங்குங்கள்.